பின்கண்ணாடியும் மூன்றாம் தரப்பும்

குழந்தைவேலின் புதுக் காருடைய பின்கண்ணாடியை அவருடைய பெரியப்பா மகன் கண்ணுசாமி வளர்த்த செம்மறிக் கிடா ஒரே முட்டில் தூளாக்கியது. வெள்ளிக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, களத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நடந்தது. அப்படியொரு சம்பவம் நடக்கவே இல்லை என்று பின்னால் ஒரு பெரிய கம்பெனி ஆராய்ந்து அறிவிக்கப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கிடாவுக்கும் தெரியாது.

குழந்தைவேல் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளி. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டிகள் அவருக்கு வடநாட்டில் ஓடுகின்றன. இளவயதில் அவரே வண்டியோடு போய், ஊர் ஊராகப் பாறையைத் துளைத்து, கம்ப்ரசர் சத்தத்துக்குள்ளேயே தின்று தூங்கி எழுந்தவர். அதில் இடது காது பாதி போய்விட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு உலகத்தில் ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. சத்தம் போடாத ஒரு வண்டியில் உட்கார்ந்து போக வேண்டும். சேலம் பைபாஸில் ‘ஓரெலியா’ கம்பெனி ஷோரூமில் அவரை மின்சாரக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. குழந்தைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வாங்கிவிட்டார்.

ஊருக்கு ஓட்டிவந்த அன்றே பெயரில் சிக்கல் வந்தது.

“காரு பேரு என்னுங்க?”

“ஓரெலியா.”

“ஒரு எலியா?”

அதற்குப் பிறகு ஊரில் அந்தக் காருக்கு எலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. “முதலாளி எலியில போறாருங்க” என்று பால்காரர் சொல்வதைக் குழந்தைவேல் நல்ல காதாலேயே கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. இஞ்சின் சத்தம் போடவில்லையே தவிர, கார் பேசியது. பெல்ட் போடச் சொன்னது. களைப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டது. பக்கத்தில் மாட்டுவண்டி போனால், “கவனம். ஒருவர் நெருங்குகிறார்” என்று இனிமையான பெண்குரலில் எச்சரித்தது. கம்ப்ரசரைக்கூட அணைக்க முடிந்தது. இதை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணுசாமியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேருக்கும் தோட்டம் பக்கத்துப் பக்கத்தில். குழந்தைவேல் தன் தோட்டத்தில் ஒரு போர் போட, அந்த வருசமே கண்ணுசாமியின் கிணறு வற்றிப்போனது. அதிலிருந்து பல வருசம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போனாலும் ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்துபோவார். இந்தத் தையில்தான் அது தீர்ந்தது. கண்ணுசாமியின் மகள் யாழினிக்குப் பிரசவம் கஷ்டமாகி, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்று கேட்டபோது, யாரும் கூப்பிடாமலே குழந்தைவேல் போய்ப் படுத்துக் கையை நீட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கருப்பனாருக்குக் கிடா வெட்டுவதாகக் கண்ணுசாமி அங்கேயே வேண்டிக்கொண்டார். கண்ணாடி போன வெள்ளிக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை. “நீதாந் தம்பி முன்னால நிக்கோணும்” என்று குழந்தைவேலிடம் சொல்லியிருந்தார்.

அந்தக் கிடாவைத்தான் வெள்ளிக்கிழமை காலை குளிப்பாட்டுவதற்காகக் குழந்தைவேல் வீட்டுத் தொட்டிக்கு ஓட்டிவந்தார். மேச்சேரி இனம், செவலை நிறம், எருமைக்கன்று உயரம். களத்தில் கார் நின்றிருந்தது. அதன் பின்கண்ணாடி கன்னங்கரேலென்று முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். கிடா எதேச்சையாகத் திரும்பியது. கண்ணாடிக்குள் இன்னொரு செவலைக் கிடா நின்று தன்னையே முறைப்பதைக் கண்டது. இது நாலு அடி பின்னால் போனது. அதுவும் போனது. அந்தத் திமிரை இது எப்படித் தாங்கும்?

“கவனம். பின்னால் ஒருவர் நெருங்குகிறார்” என்றது கார்.

மக்காச்சோளத்தை மூட்டையோடு கவிழ்த்த மாதிரி கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கிடா தலையை உள்ளே விட்டு எதிரியைத் தேடிப் பார்த்தது. காணோம் என்றதும் திருப்தியாக ஒரு செருமல் செருமிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது.

கண்ணுசாமி ஓடிவந்தார். “அட கருப்பா! குழந்தே, என்ன ஆவுதோ நாங் குடுத்தர்றஞ் சாமி.”

“உடுங்ணா, ஒரு கண்ணாடி. நாளைக்கே மாட்டிப்போட்டாப் போவுது” என்றார் குழந்தைவேல். ரிக் தொழிலில் எதுவும் மறுநாளே மாட்டப்படும். அந்த நம்பிக்கையில் சொன்னார்.

சங்ககிரியில் லாரிகளுக்குக் கண்ணாடி மாட்டும் சண்முகவேல் வந்து பார்த்தார். விளிம்பை மெதுவாகத் தொட்டார். “தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்றது கார். சண்முகவேல் கையை எடுத்துவிட்டார்.

“எனக்கு வேண்டாமுங்க. லாரி எங்கூடப் பேசாது. இதுல ஒயரு, கேமரா, கம்ப்யூட்டரு எல்லாங் கெடக்குது. கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டாத்தான் கண்ணாடிய இது ஏத்துக்குமாமா.”

அதனால் குழந்தைவேல் கம்பெனிக்குப் போன் செய்தார். பேசியவர் காளிதாஸ் என்ற இளைஞர். கம்பெனியில் அவருக்கு ‘பயணத் தோழர்’ என்று பதவி. கார் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு தோழர் உண்டு.

“வணக்கம் ஐயா. உங்க பயணம் இன்னைக்கு எப்படி இருக்கு?”

“பயணம் இல்லீங்க. காரு களத்துல நிக்குது. கெடா முட்டிப் பின்கண்ணாடி ஒடஞ்சுபோச்சு.”

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. காளிதாஸ் கெங்கவல்லிக்காரர். ஆடுமாடு உள்ள வீட்டில் பிறந்தவர். கிடா அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை.

“ஐயா, காரணத்துல கிடா இல்லை. ஆலங்கட்டி இருக்கு, பனிப்பாறை இருக்கு, கரடி இருக்கு, உள்நாட்டுப் போர் இருக்கு.”

“கரடின்னு போட்டுருங்க.”

“கரடின்னா வனத்துறை சான்றிதழ் வேணும்ங்க ஐயா. பொறுங்க. மூன்றாம் தரப்புன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுடறேன். மூன்றாம் தரப்பு சம்பவ நேரத்தில் மது அருந்தியிருந்தாரா?”

“பருத்திக்கொட்ட தின்னுட்டு வந்துச்சுங்க.”

“சரி. அவர் சம்பவ இடத்தை விட்டுத் தப்பிச்சுப் போனாரா?”

“இல்லீங்க. தொட்டியில தண்ணி குடிச்சுட்டிருக்குது.”

“நல்லதுங்க ஐயா. கம்பெனி அதிகாரி நேர்ல ஆய்வு செய்யற வரைக்கும் மூன்றாம் தரப்பை இதே நிலையில பாதுகாக்கணும். அவருக்கு எந்த மாற்றமும் நேரக் கூடாது.”

“வர்ற வாரம் ஞாயித்துக்கெழம வெட்டறமுங்களே.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை நின்றது.

“ஐயா,” என்றார் காளிதாஸ், குரலைத் தாழ்த்தி. “அதை நான் கேட்கலைன்னு வச்சுக்கறேன்.”

ஷோரூமுக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார்கள். கார் வர மறுத்தது. பின்பக்கம் திறந்திருப்பதால் அது தன்னைத்தானே பாதுகாப்பு நிலையில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்றது. சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டிப்போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் குழந்தைவேல், ரிக்குக்குக் குழாய் ஏற்றிப்போகும் தன் சப்போர்ட் லாரியின் மேல் காரை ஏற்றி, ஓட்டைக்கு ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி, சேலத்துக்குக் கிளம்பினார். வழியெல்லாம் லாரி மேலிருந்து கார், “பாதை மாறிவிட்டீர்கள்” என்று சொல்லிக்கொண்டே வந்தது.

ஷோரூமில் மல்லிகையும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் வெண்கலக் கிண்ணத்தை ஒரு குச்சியால் தட்டினாள். ஓசை அடங்கும் வரை எல்லோரும் கண்ணை மூடி நிற்க வேண்டும் என்பது அங்கே முறை. குழந்தைவேலுக்குப் பாதிக் காது என்பதால் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. மற்றவர்கள் கண்ணைத் திறந்த பிறகும் அவர் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்து, வரவேற்க வந்து நின்ற காளிதாஸுக்கே மரியாதை வந்துவிட்டது.

“தம்பி, ஒடஞ்ச கண்ணாடி...” என்று ஆரம்பித்தார் குழந்தைவேல்.

காளிதாஸ் இரண்டு கையையும் உயர்த்தினார். “மன்னிக்கணும் ஐயா. எங்க குடும்பத்துல உடைஞ்சதுங்கற வார்த்தையைச் சொல்றதில்லை. கண்ணாடி தன் முழுமையிலிருந்து விலகியிருக்குன்னு சொல்லுவோம். கஸ்டமர்னும் சொல்ல மாட்டோம், குடும்பம்னு சொல்லுவோம். புகார்னு சொல்ல மாட்டோம், பகிர்வுன்னு சொல்லுவோம். நீங்க இப்ப பகிரலாம்.”

“புதுக் கண்ணாடி இருக்குதுங்களா?”

“இருக்குங்க ஐயா.”

காளிதாஸ் அவரைப் பின்பக்கக் கிடங்குக்கு அழைத்துப்போய்க் காட்டினார். உண்மையிலேயே இருந்தது. அதே கறுப்பு, அதே பளபளப்பு. நுரை அட்டைக்குள் பச்சைக் குழந்தை மாதிரி படுத்திருந்தது. குழந்தைவேல் தொட்டுப் பார்த்தார்.

“கார் வாசல்ல நிக்குது. கண்ணாடி இங்க இருக்குது. எடுத்து மாட்டிருங்க சாமி, நான் போறேன்.”

“மாட்டலாங்க ஐயா. ஆனா முதல் கண்ணாடி ஏன் விலகுச்சுன்னு உறுதியாகாம ரெண்டாவது கண்ணாடியைக் கார் நம்பாது. பெங்களூர்லேருந்து எங்க சபரிநாதன் சார் வரணும். தென்மண்டலச் சம்பவ உண்மைத்தன்மைப் பிரிவுத் தலைவர். அவர் முன்னாடி மூன்றாம் தரப்பு ஆஜராகணும்.”

“எப்ப வாராரு?”

“புதன்கிழமைங்க ஐயா. இந்தப் புதன் இல்லை, அதுக்கடுத்த புதன்.”

அது கண்ணுசாமியின் பூசைக்குப் பிந்திய புதன். குழந்தைவேல் காரைத் தார்ப்பாயோடு அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஊர் திரும்பினார். கண்ணாடி போனால் போகிறது, பூசை முடியட்டும் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டார். ஆனால் ஓரெலியா கம்பெனி ஒரு பகிர்வைப் பாதியில் விடுகிற கம்பெனி அல்ல. மறுநாள் அது நேராகக் கண்ணுசாமிக்கே போன் போட்டது.

சாயங்காலம் கண்ணுசாமி களத்துக்கு வந்தார். குழந்தைவேலின் மனைவி பாப்பாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அதைப் பார்த்ததுமே குழந்தைவேல் எழுந்து நின்றார். பேச்சில்லாத பழைய நாட்களில் அந்த வீட்டுத் தண்ணீரை அவர் தொட்டதில்லை.

“கேசு போட்டிருக்கறயா குழந்தே?”

“அய்யோ, என்னுங்ணா சொல்றீங்க?”

“பெங்களூருலிருந்து ஒரு பொம்பள போன் போட்டுது. மூணாந் தரப்புக்கு நீங்கதான் காப்பாளருங்களான்னு கேட்டுது. ஆமாங்கன்னேன். இதுக்கு முன்னால வன்முறையில ஈடுபட்டிருக்கறாரான்னு கேட்டுது. போன மாசம் என்ற மச்சானை முட்டுச்சுங்கன்னு உள்ளதச் சொன்னேன். அதயும் எழுதிக்கிச்சு. வெட்டுனா சாட்சியக் கலைச்ச குத்தமாமா. இந்தக் கெடா கருப்பனாருதா, இல்ல உன்ற கம்பெனிக்காரனுதா? அத மட்டுஞ் சொல்லு.”

“நாங் கார வேண்டாம்னு உட்டுர்றங்ணா. நீங்க பூசையப் போடுங்க.”

கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னொரு மனிதராக இருந்தால் அந்த இடத்தில் கத்தித் தீர்த்திருப்பார். இவர் ரோசக்காரர்.

“என்ற ஆட்டால உன்ற பொருளு வீணாப் போச்சுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லக் கூடாது. என்ற புள்ளைக்கு நீ ரத்தங் குடுத்தவன். பூசையத் தள்ளி வெக்கறேன். கருப்பங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்.” இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

பாப்பாயி சொம்பைக் கீழே வைத்தாள். “சத்தமில்லாத வண்டின்னு வாங்குனீங்க. இப்ப ஊரே சத்தம் போடுது” என்றாள்.

ஊர் போட்டது. கோயமுத்தூரிலிருந்தும் கரூரிலிருந்தும் வரவிருந்த சொந்தக்காரர்களுக்குத் தேதி மாறிய காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணுசாமி வீட்டில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. சமையல்காரர் வேறு இடத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டார். டீக்கடையில் ஒருவர், “கருப்பனாருக்கே கம்பெனி டோக்கன் குடுத்திருக்குதுங்க” என்றார். குழந்தைவேல் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். கிடா மட்டும், வாழ்க்கையில் திடீரென்று கூடிய இந்த மதிப்பைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்காமல், கூடுதலாக ஒரு வாரம் பருத்திக்கொட்டை தின்றது.

புதன்கிழமை மூன்று பேரும் சேலம் போனார்கள். குழந்தைவேலும் கண்ணுசாமியும் குட்டியானைச் சரக்கு வண்டியின் முன்சீட்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிடா பின்னால் நின்றது. ஷோரூம் வாசலில் வரவேற்புப் பெண் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாள். கிடா அதை முகர்ந்து பார்த்தது. அவள் ஓர் அட்டையில் ‘மூன்றாம் தரப்பு, விருந்தினர்’ என்று எழுதிக் கிடாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒரு சம்பவத்துக்கு ஓர் அட்டைதான் என்பதால் கண்ணுசாமியை வாசலிலேயே நிற்கச் சொன்னாள்.

“அது ஒத்தையில வராதுங்க கண்ணு” என்றார் கண்ணுசாமி. மேலிடத்தில் கேட்டு, மூன்றாம் தரப்பின் உதவியாளர் என்ற முறையில் அவரையும் உள்ளே விட்டார்கள்.

சபரிநாதன் வெள்ளை ஷூ போட்டிருந்தார். கையில் தூரம் அளக்கும் சிவப்பு ஒளிக் கருவி. முதலில் கிடாவின் நெற்றியை அளந்தார். பிறகு எல்லோரையும் நிற்கவைத்து ஓர் உரை நிகழ்த்தினார்.

“எங்கள் கண்ணாடியைப் பனிமலையில் வைத்துச் சோதித்திருக்கிறோம். பாலைவனத்தில் சோதித்திருக்கிறோம். கரடி பொம்மை செய்து அதை வைத்து அடித்துப் பார்த்திருக்கிறோம். செம்மறியை வைத்துச் சோதித்ததில்லை. ஏன்? செம்மறி சாதுவான பிராணி, முட்டாது என்று எங்கள் ஆய்வு சொல்கிறது. ஆய்வு அப்படிச் சொன்ன பிறகும் ஒரு செம்மறி முட்டுகிறது என்றால் தவறு எங்கே இருக்கிறது? ஆய்விலா? கண்ணாடியிலா? யோசித்துப் பாருங்கள்.”

எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள்.

“ஆகவே இன்று சம்பவத்தை மறுபடி நிகழ்த்தப் போகிறோம். எங்கள் கம்பெனி எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பும்.”

கூடத்தின் நடுவில் ஒரு புதுக் கார் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்கண்ணாடிக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று இரண்டு மெத்தைகளை வைத்துக் கட்டி, அதன் மேல் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

கண்ணுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஏனுங்க, அதக் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா தேவலைங்க. உள்ள இன்னொரு கெடா தெரிஞ்சாத்தானுங்க இதுக்குக் கோவம் வரும்.”

“கண்ணாடிக்கு ஆபத்து வருகிற மாதிரி சோதனை நடத்த எங்களுக்கு அனுமதி இல்லை” என்றார் சபரிநாதன். “நீங்கள் மூன்றாம் தரப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.”

கண்ணுசாமி கேட்டுக்கொண்டார். “முட்டு சாமி, முட்டு. பெரியவிய கேக்கறாங்க பாரு.” கிடா பக்கத்துத் தொட்டியில் அழகுக்கு வைத்திருந்த செடியைத் தின்ன ஆரம்பித்தது. காளிதாஸ் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்து நின்று தின்றது. வரவேற்புப் பெண் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாள். செடி முடிந்ததும் அது பளிங்குத் தரையின் குளிர்ச்சியில் காலை மடக்கிப் படுத்துக் கண்ணை மூடியது. குழந்தைவேல் பார்த்த வரையில் அந்த ஷோரூமில் உண்மையான மன அமைதி கண்ட முதல் குடும்ப உறுப்பினர் அதுதான்.

“அதற்குச் செயல்முறை புரியவில்லை” என்றார் சபரிநாதன். “செய்து காட்ட வேண்டும்.”

கோட்டைக் கழற்றிக் காளிதாஸிடம் கொடுத்தார். இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். நாலு அடி பின்னால் போனார். “அணுகுமுறைக் கோணம் முப்பது டிகிரி” என்று அறிவித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு முன்னேறினார்.

“கவனம். பின்னால் ஒருவர் நெருங்குகிறார்” என்றது புதுக் கார்.

மெத்தையில் மொத்தென்று சத்தம் கேட்டது. காளிதாஸ் பயிற்சிக்கு உதவும் என்று அதைப் படம் பிடித்துக்கொண்டார். சபரிநாதன் இரண்டாவது முறையும், வேகத்தைக் கூட்டி மூன்றாவது முறையும் முட்டினார். கிடா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. குழந்தைவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர் தன்னால் இப்படி ஆகிவிட்டாரே என்று சங்கடமாக இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணுசாமி துண்டை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகு குழந்தைவேலாலும் முடியவில்லை. குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த செருப்புக்கு வாரே கிடையாது.

சபரிநாதன் எழுந்து கோட்டை மாட்டி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார்.

“சம்பவத்தை மறுபடி நிகழ்த்த முடியவில்லை. நிகழ்த்த முடியாத சம்பவம் நிகழவில்லை. நிகழாத சம்பவத்தால் கண்ணாடி விலக முடியாது. எங்கள் கணினியில் உங்கள் காரின் பின்கண்ணாடி முழுமையாக இருப்பதாகப் பதிவு செய்துவிட்டேன். வாழ்த்துகள்.”

“என்னுங்க?” என்றார் குழந்தைவேல், நல்ல காதைத் திருப்பி.

“கண்ணாடி இருக்கிறது.”

“எங்கீங்க?”

“கணினியில்.”

வாசலில் அவருடைய கார் நீலத் தார்ப்பாய் படபடக்க நின்றுகொண்டிருந்தது. குழந்தைவேல் அதைப் பார்த்தார், சபரிநாதனைப் பார்த்தார், கணினித் திரையில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தார். ஆயிரம் அடி துளைத்தும் ஈரங்கூட வராத குழிக்கும் ஆழத்தைக் கணக்குப் போட்டுக் காசு வாங்கிப் பழகிய தொழில் அவருடையது. இல்லாததை இருக்கிறது என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது. சபரிநாதனுடைய தலைக்கு மேலேயே ஒரு பலகை தொங்கியது. ‘வாங்கிய ஆறு மாதத்துக்குள் மனம் நிறையவில்லையா? குறையில்லாத காரைக் கொடுத்துவிட்டு முழுத்தொகையைப் பெறுங்கள்.’

“அப்ப காருல ஒரு குறையுமில்லைங்களா?”

“ஒரு குறையும் இல்லை. நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.”

“செரிங்க. எனக்கு மனசு நெறையல. காரை எடுத்துக்கங்க.”

காளிதாஸ் சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் தார்ப்பாயைப் பார்த்தார். கண்ணாடி இல்லை என்று சொன்னால் சற்றுமுன் போட்ட கையெழுத்து பொய்யாகும். தலையால் மூன்று தடவை முட்டிக் கண்டுபிடித்த உண்மை வீணாகும். இருக்கிறது என்று சொன்னால் காரை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குள் கணினி, கார் குறையற்றது என்று அதுவாகவே படித்துக்கொண்டு, அதுவாகவே ஒப்புதல் கொடுத்து, “உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்” என்று அறிவித்துவிட்டது. வரவேற்புப் பெண் முறைப்படி கிண்ணத்தைத் தட்டினாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சபரிநாதன் கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தார்.

திரும்பும் வழியில் சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். டீக்கடையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்கள். குட்டியானையின் இஞ்சின் கம்ப்ரசரைவிட மோசமாகக் கத்தியது. குழந்தைவேலுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருப்பனார் கோயிலில் பூசை நடந்தது. பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சாமிக்குச் சம்மதம் என்றால் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இது ஒரே தெளிப்பில் துலுக்கிவிட்டது. கோணம் என்ன என்று யாரும் அளக்கவில்லை. யாழினியின் பிள்ளையைக் குழந்தைவேலின் மடியில் போட்டுப் பெயர் வைத்தார்கள்.

மதியம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. காளிதாஸ். குரலில் முன்பிருந்த வாசனையெல்லாம் போயிருந்தது.

“ஐயா, உங்க காரை விற்கணும்னா கண்ணாடி மாட்டணும். கிடங்குலேருந்து கண்ணாடி கேட்டேன். காரணம் கேக்கறாங்க. சம்பவத்தைத் திரும்பத் திறந்திருக்கேன். பயணத் தோழர்ங்கற முறையில கார் இப்ப என் பொறுப்புல இருக்கு. அந்த மூன்றாம் தரப்பு... இருக்காருங்களா?”

குழந்தைவேல் தன் இலையைப் பார்த்தார்.

“இருக்காருங்க. பந்தியில இருக்காரு.”

“சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் அனுப்பி வைப்பீங்களா?”

“சாப்புட்டு முடிச்சா இருக்க மாட்டாருங்க.”

போனில் அழுகை மாதிரி ஏதோ கேட்டது. “ஐயா, நெற்றி மட்டுமாவது இருந்தா போதும்ங்க. மறுபடி அளவு எடுத்துக்கறேன்.”

“தல பூசாரி ஊட்டுக்குப் போயிருச்சுங்களே.”

கண்ணுசாமி எட்டிப் பார்த்தார். “ஆரு? கம்பெனிப் பையனா? பாவம், நல்ல பையன். வரச் சொல்லு.”

கடைசிப் பந்திக்குக் காளிதாஸ் சேலத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணுசாமி தன் கையாலேயே பரிமாறினார். காளிதாஸ் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கிண்ணம் தட்டாமலே கண்ணை மூடினார். அதற்குப் பிறகு காரைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ ஒரு வார்த்தை பகிரவில்லை. இலை காலியானதும் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே,” என்றார். “மூன்றாம் தரப்பு இன்னும் கொஞ்சம் வைங்க.”